லேபிள் சரியில்லை

போன மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் மகன் ஆபீஸ் பையும் கையுமாக வந்து நின்றான். காபி கூட வேண்டாமாம்.

"சித்தப்பா, பரண்ல என் வீடியோ கேம் கேசட் ஒண்ணு இருந்துதே, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலையே?"

போடவில்லை. எங்கள் வீட்டில் எதையுமே போடுவதில்லை. உடைந்து போன மிக்ஸியின் மூடி கூட இருக்கிறது.

விஷயம் இதுதான். 2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் 'சூப்பர் மரியோ 64' கேம் ஒன்றை 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது. அன்றைய கணக்கில் 11 கோடி ரூபாய்க்கு மேல். பயல் இதைத் தாமதமாகப் படித்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். அது பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத பெட்டி என்ற வரியை மட்டும் கண் தாண்டிவிட்டது. உலகத்திலேயே அதிக விலைக்குப் போகிற விளையாட்டுச் சாமான், யாருமே விளையாடாத சாமான்!

விளையாடப்பட்ட கேசட் என்றால் (அவர்கள் கார்ட்ரிட்ஜ் என்பார்கள், நமக்குக் கேசட்தான்) சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது லேபிளை. உள்ளே இருக்கும் சிப் நாற்பது வருஷம் கழித்தும் சமர்த்தாக வேலை செய்யும். வாயால் ஊதி ஊதி எச்சில் ஈரத்தில் பின்களைக் கெடுத்திருந்தால்கூட, துடைத்துச் சரி பண்ணலாம். லேபிள் வெறும் காகிதம், பசை, மை. மூன்றுக்குமே ஆயுசு கம்மி.

வெயில் பட்டால் முதலில் சிவப்பும் மஞ்சளும் போகும். நீலம் மட்டும் நிற்கும். டீக்கடை வாசலில் வருஷக்கணக்காகத் தொங்கும் சினிமா போஸ்டரில் கதாநாயகி நீலமாக ஆகிவிடுவாளே, அதே சங்கதி. அடாரி 2600 கேசட்டுகளில் பசை காய்ந்து, முனையில் இருக்கும் சின்ன லேபிள் தானே உதிர்ந்துவிடும். ஆக்டிவிஷன் கம்பெனி கேசட்டுகளில் தேமல் மாதிரி பழுப்புத் திட்டு வரும். பசையின் கைங்கரியம் என்று நம்புகிறார்கள். அதற்கு 'ஆக்டிபிளாக்' என்று வியாதி மாதிரி பேர் வேறு வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய வியாதி, பையன்கள். மார்க்கரில் பேர் எழுதுவார்கள். வாடகைக் கடைக்காரன் தன் ஸ்டிக்கரை ஒட்டியிருப்பான். ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி மெதுவாக உரிக்கலாம். ஆனால் பேனா எழுத்தை அழிக்க ஸ்பிரிட் தொட்டால், எழுத்தோடு படமும் சேர்ந்து வரும். சிலர் புதிதாக லேபிள் அச்சடித்து ஒட்டிவிடுகிறார்கள். பார்க்க ஜோராக இருக்கும், விலை விழுந்துவிடும். அசல் கிழிசலுக்கு இருக்கும் மரியாதை நகல் பளபளப்புக்குக் கிடையாது. அரிய கேமின் லேபிளை அச்சடித்து மலிவுக் கேசட்டில் ஒட்டி விற்கும் மகானுபாவர்களும் இருப்பதால், திருப்புளியால் திறந்து உள்ளே போர்டைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

ஆனால் பாருங்கள், 1990-ல் நிண்டெண்டோ நடத்திய உலகப் போட்டிக்காகச் செய்த சாம்பல் நிறக் கேசட்டுகளில் 90 மட்டும் வெளியே போயின. அதில் ஒன்று 2014-ல் ஈபேயில் வந்தது. லேபிள் கிழிந்து கந்தல். யாரோ பேனாவால் 'மரியோ' என்று எழுதி வேறு வைத்திருந்தார்கள். கேட்பு 1 லட்சம் டாலரைத் தொட்டுவிடும் தூரம் வரை ஏறியது! அதே வருஷம், அடாரி 1983-ல் நியூ மெக்சிகோ பாலைவனத்துக் குப்பை மேட்டில் புதைத்த கேசட்டுகளில் சுமார் 1,300-ஐத் தோண்டி எடுத்தார்கள். நசுங்கிப்போய், மண் வாசனையோடு. அதையும் ஏலத்தில் போட்டிபோட்டு வாங்கினார்கள்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கினோம். மஞ்சள் கேசட். '99999 இன் 1' என்று கொட்டை எழுத்து. ஜப்பானில் 1983-ல் வந்த ஃபேமிகாமுக்குப் பிறந்த எத்தனையோ நகல்களில் ஒன்றுக்கான நகல். உள்ளே இருப்பது என்னவோ கொஞ்சம் கேம்தான். பேரை மாற்றி மாற்றி எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள். ஏலத்தில் நாலணா பெறாது என்று சொன்னேன்.

"பரவால்ல, ஆயிரம் ரூபா வந்தாலும் சரி. லேபிள்ல ஏதோ பேனாவால கிறுக்கியிருக்கு. ஸ்பிரிட் இல்லாம வேற எதுலயாவது போகுமா?" என்றபடி டியூப்லைட் பக்கம் திருப்பினான். அப்புறம் பேச்சைக் காணோம்.

வாங்கிப் பார்த்தேன். அண்ணன் கையெழுத்து. அவர் போய் ஆறு வருஷமாகிறது. தாலுகா ஆபீஸ் பாணியில் ஒவ்வொரு எழுத்தும் நிமிர்ந்து நிற்கும்: 'ஞாயிறு மட்டும். பரீட்சை சமயம் கிடையாது.'

பால்பாயிண்ட் நீலம் கொஞ்சம் மங்கியிருந்தது. வெளிச்சத்தில் வைக்காதே, பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வை, ஈரமும் ராமபாணப் பூச்சியும் அண்டாமல் பார்த்துக்கொள் என்றேன். தலையாட்டினான். பெட்டிக்குள் மெஷினும் அடாப்டரும் இருந்தன.

"இப்ப போட்டா ஓடுமா சித்தப்பா? ஒரே ஒரு ஆட்டம்..."

"இன்னிக்கு என்னடா கிழமை?"

லேபிளைப் பார்த்தான். கேசட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, காபி கேட்டான்.