மோவாயில் பட்ட அடி

ஹரித்ராநதிப் படிக்கட்டில் வழுக்கி, மோவாயில் அடிபட்டு வருகிறான் சிறுவன். காயத்தைக் கழுவி மருந்திடுகிறோம். நாலு நாளில் ஆறிவிடுகிறது. பெற்றோரே, அத்துடன் மறந்துவிடலாகாது என்கிறோம்.

மோவாய் வாங்கிய அடி, காதுக்கு முன்னுள்ள தாடை மூட்டில் போய் இறங்குகிறது. (அங்கே விரல் வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைவு தெரியும்.) உள்ளே இரத்தம் கசிந்து, அழற்சி கண்டு, ஒட்டுத்திசு வளரலாம், சிறு பிள்ளைகளுக்கு அதுவே எலும்பாக இறுகி மூட்டைப் பூட்டிவிடுவதும் உண்டு. நம் நாட்டில் இதற்கு முதற்காரணம் கீழே விழுவதே. சீழ்பிடித்த காதும் ஒரு காரணம். பூட்டிய பக்கம் தாடை சரிவர வளராது, முகம் கோணும். பல்லிடுக்கில் இட்லியைத் துணுக்குத் துணுக்காகத் தள்ளும் பிள்ளையைக் கண்டவர் மறவார்.

வலிக்கிறதென்று மாதக்கணக்கில் கஞ்சியூட்டி வாயை அசையாது வைப்பது இரக்கமன்று. மருத்துவர் இசைந்ததும் நாள்தோறும் திறந்து பழக்க வேண்டும்.

வெறும் ஒட்டுதலாயின், ஊசிவழியே உப்புநீர் செலுத்தி மூட்டைக் கழுவும் முறை 1991-இலேயே வெளியாயிற்று. எலும்பு சேர்ந்துவிட்டாலோ அறுவைதான். அதிலும் மயக்கமருந்து கொடுப்பதே பெரும்பாடு: திறவாத வாயில் சுவாசக் குழாயை எங்ஙனம் நுழைப்பது? பெரும்பாலும் மூக்கு வழியேதான். அறுவைக்குப் பின்னும் பல மாதம் வாய்ப்பயிற்சி உண்டு.

அடிபட்ட பிள்ளை தன் மூன்று விரல்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வாயில் நுழைக்கிறதா என்று வாரந்தோறும் பாருங்கள். நுழையவில்லையேல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளி விடுமுறைக்குக் காத்திராதீர்கள்.