போட்டோ சரியில்லையாம்!

ரொம்ப நாள் கழிச்சு ஒரு புலம்பல் பதிவு. மெஷின் பக்கமே போகாதவங்களும் கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க மக்களே.

எங்க மணிமங்கலம் பக்கம் சின்னப் பட்டறைகள்லயும் சிஎன்சி ரவுட்டர் வந்தாச்சு. கதவுக்குப் பூ வெட்டறது போக, போட்டோவையும் பலகையில கோடு கோடா செதுக்கித் தர்றாங்க. சித்தப்பாவோட பதினாறாம் நாளுக்காக ஒண்ணு கொடுத்தேன். அவர் தனியா நிக்கற ஒரே போட்டோ. வந்த பலகையில இடது கன்னம் ஒரே இருட்டு. வலது காதையே காணோம்!

ஓனர் அசராம சொன்னார்: "போட்டோ பழசு சார், காண்ட்ராஸ்ட் இல்ல." அதோட விடல. மெஷின் ஓட்டின பையன் சம்பளத்துல பலகைக் காசைப் பிடிச்சுட்டார். ஏங்க, போட்டோதான் தப்புன்னா பையன் எதுக்குக் காசு கட்டணும்?

விஷயம் இதுதான். வெள்ளை பெயின்ட் அடிச்ச எம்டிஎஃப் பலகையில வி-பிட் ஆழமா இறங்கினா கோடு அகலமாகும், அந்த இடம் இருட்டும். 90 டிகிரி பிட்டுல ஆழத்தைப் போல ரெண்டு மடங்கு அகலம். கோட்டுக்குக் கோடு 1 மி.மீ. இடைவெளின்னா, வெள்ளையில இருந்து முழு இருட்டு வரைக்கும் அரை மி.மீ. ஆழத்துல முடிஞ்சுடும். மொத்த முகமும் அந்த அரை மில்லிமீட்டர்லதான் இருக்கு!

நண்பர்கிட்ட டயல் கேஜ் இரவல் வாங்கிட்டுப் போனேன். பலகையோட இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் 0.4 மி.மீ. ஏற்ற இறக்கம். இசட் ஜீரோ வச்சது நடுவுல. அப்ப கோடு இடப்பக்கம் 0.4 மி.மீ. கூடும், வலப்பக்கம் 0.4 குறையும். காது எங்கிருந்து வரும்?

ஒரு பக்கம் இருட்டு, மறுபக்கம் வெளுப்புன்னா மட்டம் கோளாறு. மொத்தமும் இருட்டுன்னா இசட் ஜீரோ கீழ போயிருக்கு. போற கோடும் வர்ற கோடும் நகர்ந்து விளிம்பு பல்லு பல்லா வந்தா பேக்லாஷ். பிசிறு பிசிறா நின்னா பிட் முனை மழுங்கிடுச்சு. எல்லா இடமும் ஒரே சாம்பலா வந்தா, அப்பச் சொல்லுங்க போட்டோ சரியில்லைன்னு. ஒத்துக்கறேன்.

பையனும் நானும் மெஷின்லயே அடிப்பலகையைச் சீவி மட்டமாக்கினோம். புதுப் பலகையை ஓரத்துல மட்டும் கிளாம்ப் போடாம, முழுசா ரெட்டைப் பக்க டேப்ல ஒட்டினோம். அதே போட்டோ, அதே ஃபைல், அதே பையன். சித்தப்பா முழுசா வந்துட்டார், ரெண்டு காதோட.

ஒரகடம் ரோட்டுல கார் பாகத்துக்கு மைக்ரான் கணக்கு பார்க்கற ஊருங்க இது. ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்ல 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு இன்னும் நிக்குது. கல்லை மட்டம் பண்ணாமலா அதை வெட்டியிருப்பாங்க? நமக்கு மட்டும் மட்டம் பார்க்க நேரமில்ல, பழி போட நேரமிருக்கு.

"காண்ட்ராஸ்ட் ஏத்துங்க"ன்னு கண்ணை மூடிக்கிட்டு யோசனை எழுதற நம்ம பதிவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். முதல்ல பலகையை அளங்க.

டிஸ்கி: படம் நல்லா வந்ததும் ஓனர் சிரிச்சார். பிடிச்ச காசு மட்டும் பையனுக்கு இன்னும் திரும்பி வரலை.