2ஜியை மூட அவசரம் வேண்டாம்
2ஜி, 3ஜி சேவைகளை அடியோடு மூடக் கொள்கை வகுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் ஜியோ நிறுவனம் வைத்த கோரிக்கைக்கு மத்திய அரசு இப்போதைக்கு இடம் கொடுக்கக் கூடாது. பழைய வலையமைப்பைக் கட்டிக் காப்பது அலைக்கற்றைக்கும் பராமரிப்புக்கும் வீண்செலவு என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், 2016இல் 4ஜியோடு மட்டுமே களமிறங்கிய ஜியோவுக்கு மூடுவதற்கென்று சொந்தமாக 2ஜி எதுவும் கிடையாது. இழப்பு முழுவதும் போட்டியாளர்களுக்கும் அவர்களது எளிய வாடிக்கையாளர்களுக்கும்தான். 4ஜியில் குரலும் தரவாகவே பயணிக்கிறது. அதற்கு வோல்ட்இ வசதியுள்ள கைபேசி வேண்டும். அவ்வசதி இல்லாத 4ஜி கைபேசிகூட, மணி அடித்ததும் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கி வந்துதான் பேசுகிறது. பழைய பட்டன் போனுக்கோ 2ஜியை விட்டால் வேறு கதியே இல்லை. பெட்டிக்கடையில் கார்டு தேய்க்கும் கருவிகள் பலவற்றின் பாடும் அதுவே. 2020இல் 3ஜியைக் கைவிட்ட ஏர்டெல் 2ஜியைத் தொடாமல் விட்டது காரணமின்றி அல்ல. இணையம் வேண்டாதவர்களுக்குக் குரல், குறுஞ்செய்திக்கு மட்டுமான கட்டணத் திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராயே விதி செய்தது. அமெரிக்காவில் 2022இல் 3ஜியை நிறுத்திய ஏடி அண்ட் டி நிறுவனம்கூட, அதை 2019லேயே அறிவித்துவிட்டது. இங்கும் முதலில் பிஎஸ்என்எல் 4ஜி, வோல்ட்இ வசதியோடு கிராமங்களில் நிலைபெறட்டும். ஏழைகளுக்கு மானிய விலையில் கைபேசி கிடைக்கட்டும். மூடும் தேதியை அதன் பிறகு, குறைந்தது மூன்றாண்டு அவகாசத்துடன், அரசு அறிவிக்கலாம்.