பெயருக்குப் பிணை யார்?

எங்கள் ஊராகிய திருவாலங்காட்டுக்கு அருகில் பழையனூர் உள்ளது. ‘நீலிக் கண்ணீர்’ என்னும் வழக்கிற்கு உரிய கதை அவ்வூர்க் கதைதான். வணிகன் ஒருவனைப் பழிவாங்க வந்த நீலி என்னும் பேய், அவன் மனைவியின் உருவெடுத்து, கையில் குழந்தையோடு ஊரார் முன் நின்று அழுததாம். “இவள் என் மனைவியல்லள்!” என்று வணிகன் கதறினான். ஊரிலிருந்த எழுபது வேளாளரோ, “உன் உயிருக்கு நாங்கள் பிணை” என்று கூறி அவனை அவளோடு அனுப்பினர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினர்.

இது வெறும் பழங்கதை என்றுதான் நான் எண்ணியிருந்தேன், சென்ற கோடை விடுமுறை வரையில்.

ஒருநாள் எதிர்வீட்டு ஆயாவின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. வங்கிக் கணக்கு அன்றே முடக்கப்படும் என்றும், கீழ்க்கண்ட முகவரியில் விவரம் தரவேண்டும் என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. “நீ கான்வென்ட்டுல படிக்கிற பொண்ணாச்சே, பார்த்துச் சொல்லும்மா” என்றார் ஆயா. முகவரியில் வங்கியின் பெயர் இருந்தது. “வங்கிதான் ஆயா” என்றேன். கண் அறுவைக்காக அவர் சேர்த்திருந்த 9,000 ரூபாய் மாலைக்குள் போயிற்று. வங்கியின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் வேறொரு சொல்லும் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பிணை சொன்னவள் நான். பணம் இழந்தவர் ஆயா!

அன்றுமுதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இப்படிப்பட்ட பெயரை அந்த மோசக்காரனுக்குக் கொடுத்தது யார்?

இணையத்தில் முகவரிகள் உண்மையில் எண்களே. எண்களை நினைவில் வைப்பது கடினம் என்பதால் பெயர்களைச் சூட்டினர். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் முறை 1983 இல் வகுக்கப்பட்டது. இந்தப் பெரிய பதிவேட்டின் தலைப்பக்கத்தைப் பொறுப்பேற்று நடத்துவது, 1998 இல் அமெரிக்காவில் தோன்றிய ஐகான் என்னும் நிறுவனம். 2016 வரை அமெரிக்க அரசு அதனை மேற்பார்த்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல், அரசுகள், வணிகர், வல்லுநர், பயனாளர் எனப் பல நாட்டினரும் பல தரப்பினரும் கலந்த மேற்பார்வை வந்தது. மறுமாதமே ஐகானின் கூட்டம் ஹைதராபாத்தில் நடந்தது. நம் நாட்டின் ‘டாட் இன்’ பெயர்களை 2005 முதல் நிக்சி என்னும் நிறுவனம் கவனித்து வருகிறது.

ஆனால் பெயர்களை மக்களுக்கு விற்பவர்கள் பதிவாளர்கள் எனப்படும் வணிகர்கள். பணம் கட்டினால் சில நிமிடங்களில் பெயர் கிடைத்துவிடும். அது வேறொருவரைப்போல் வேடமிடுகிறதா என்று விற்கும்போது பெரும்பாலும் பார்ப்பதில்லை. ‘சிஃபி’ என்ற பெயரோடு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டி இன்னொரு நிறுவனம் பெயர் பதிந்தது. வணிகச் சின்னத்தைப் போல இணையப் பெயருக்கும் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் 2004 இல் தீர்ப்பளித்தது. பெரிய நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை செல்லும். எதிர்வீட்டு ஆயா எங்கே செல்வார்?

வழி இல்லாமல் இல்லை. ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் பெயர்களை வங்கிகளுக்கு மட்டுமே தருவது என 2025 இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. எல்லா வங்கிகளும் அவ்வாண்டு அக்டோபர் 31க்குள் அதற்கு மாறவேண்டும் என்றும் பணித்தது. இங்கே பெயருக்குப் பிணை சொல்ல ஒருவர் இருக்கிறார். மருத்துவமனை, கல்லூரி போன்றவற்றின் பெயர்களையும் இதுபோலச் சரிபார்த்துத் தந்தால் என்ன?

தமிழிலும் முகவரி அமைக்கலாம். ‘.இலங்கை’ 2010 இலும் ‘.இந்தியா’ 2011 இலும் பதிவேட்டில் ஏறின. ஆயா தாமே படிக்கக்கூடிய முகவரி! ஆயினும் அதிலும் விழிப்பு வேண்டும். ‘ஔவை’ என்பதை ‘ஔ’ என்ற ஒரே எழுத்தாலும் தொடங்கலாம். ‘ஒ’, ‘ள’ என்ற இரண்டெழுத்தாலும் தொடங்கலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ஒன்றை ஒருவருக்குக் கொடுத்தால் மற்றதைப் பிறருக்குக் கொடுக்கலாகாது.

“கட்டுப்பாடு மிகுந்தால், ஆட்சியாளருக்குப் பிடிக்காத பெயர்களையெல்லாம் அழித்துவிடுவார்களே” என்று என் அண்ணன் கேட்டான். நியாயமான அச்சமே. ஆகையால் ஒரு பெயரை நீக்கினால் காரணத்தை எழுத்தில் கூறவேண்டும். மேல்முறையீட்டுக்கும் இடம் வேண்டும். வேடத்தைக் கலைப்பது வேறு, வாயை அடைப்பது வேறு.

அன்புத் தோழியரே! பெயரை விற்பவர்கள் தீயில் இறங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாங்குபவர் யாரென்று பாருங்கள். புகார் வந்தால் உடனே விசாரியுங்கள். கவனக்குறைவாக விற்றிருந்தால் இழப்பில் பங்கேற்றுக்கொள்ளுங்கள் என்றே கேட்கிறேன். பிணைக்கு விலை இல்லையென்றால் அது பிணையே அன்று.

நமக்கும் கடமை உண்டு. கடிதத்தில் ஊர்ப்பெயர் கடைசியில் வருவதுபோல, இணையப் பெயரிலும் உரியவர் யாரென்பது முடிவுப் பகுதியில்தான் தெரியும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பெயரை வலமிருந்து இடமாகப் படியுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

ஆயா இன்றும் கைபேசியை என்னிடமே கொண்டுவருகிறார். அந்த நம்பிக்கைக்காகவேனும், முழுவதும் படித்துப் பார்க்காமல் இனி யாருக்கும் பிணை சொல்லமாட்டேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘அ’ பிரிவு