"எங்க இருக்கீங்க?" என்று கேட்ட பிறகு



போனில் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எங்க இருக்கீங்க?" என்பதுதான். "மேலகரம் ரோட்டுல நடந்துட்டு இருக்கேன் அண்ணாச்சி" என்று பதில் வரும். "அப்படியா, சரி" என்போம். பிறகு பத்திரப் பதிவு, மாப்பிள்ளை வீட்டார், மோட்டார் ரிப்பேர் என்று இருபது நிமிஷம் ஓடும். அவர் ரோட்டில் நடக்கிறார் என்பதைக் கேட்டும் வாங்கிவிட்டோம், அந்த நொடியே மறந்தும் விட்டோம்.

நாங்கள் மாலையில் தென்காசியிலிருந்து குற்றாலம் பக்கமாக நடக்கிறவர்கள். சங்கம், பதிவு எண், தலைவர், பொருளாளர் எதுவும் கிடையாது. சாரல் மாதங்களில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வேன்கள், கேரளப் பதிவெண் கார்கள், சிப்ஸ் கடை முன்னால் சட்டென்று நின்றுவிடும் ஆட்டோக்கள். ஒரு கையில் குடை, மறு கையில் போன் என்றால் விழும்போது ஊன்றிக்கொள்ளக் கை ஏது? எங்களில் ஒருவர் போன ஆனியில் அப்படித்தான் வாறுகாலுக்குள் இறங்கினார். முட்டி வீங்கி மூன்று வாரம் நடைக்கு வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு 'இனிய காலை வணக்கம்' படம். அப்போது மாலை ஆறு மணி.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியைச் சுற்ற விட்டு, யார் கவனிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆய்வு 2010-ல் வெளியானது. போனில் பேசிக்கொண்டே நடந்தவர்களில் நூற்றுக்கு 25 பேர்தான் அவனைப் பார்த்திருந்தார்கள். தனியாகச் சும்மா நடந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர். இரண்டு பேராகச் சேர்ந்து நடந்தவர்களில் 71 பேர்! சிறிய ஆய்வுதான், ஆனாலும் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. பேச்சு கண்ணை மறைக்கும் என்றல்லவா நினைத்திருந்தோம்? கூட நடக்கிறவரிடம் பேசினால் மறைப்பதில்லை. அவருக்கும் ரோடு தெரிகிறது. லாரி வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்தி உங்கள் முழங்கையைப் பிடித்து இழுப்பார். போனில் இருக்கிறவர் மதுரையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் பதில் சொல்லத் தாமதித்தால், "ஹலோ, கேக்குதா?" என்பார்.

ஆகவே பேச்சைக் குறைக்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. பேச்சுக்குப் பேர்போன ஊர் இது. ரசிகமணி டி.கே.சி. 1920-களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டு முற்றத்தில் வட்டத்தொட்டி என்று நண்பர்களைக் கூட்டி, ஒரு பாட்டை மணிக்கணக்கில் பேசி அனுபவித்தவர். கடைசிக் காலத்தில் குற்றாலத்துக்கே வந்து தங்கினார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள். அவருக்கும் முன்னால் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இருக்கிறார். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் குறவன் சிங்கன் தன் மனைவி சிங்கியைக் கண்டதும் அவள் காலில் கிடப்பது பாம்போ என்று மருள்கிறான். குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் அவள். அப்படியே ஒவ்வொரு நகையாகக் கேட்டுக்கொண்டு போகிறான். எதிரே நிற்கிறவளைக் கால் முதல் பார்த்தால்தானே அத்தனை கேள்வி பிறக்கும்? பிரானூர் பார்டரில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரு கை பரோட்டாவைப் பிய்க்க, மறு கை ரீல்ஸைத் தள்ளுவதைப் பார்க்கும்போது சிங்கன் நினைவுதான் வருகிறது. போனை மேசையில் வைக்கவே வேண்டாம். கவிழ்த்து வைத்தாலும் ஒரு கண் அதன் மேலேயே இருக்கும்.

அருவிப் பக்கம் கூடுதல் கவனம் வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் இறங்கி 17 வயது மாணவர் ஒருவரைக் கொண்டுபோனது. அந்தச் சாவுக்குப் போன் காரணமில்லை. மலையில் பெய்த மழை கீழே வந்து சேர எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்பதைத்தான் அன்று கண்டோம். காவலரின் விசில் உங்கள் காதில் விழ வேண்டும். காதில் இயர்போன் இருந்தால் விழாது. அருவிக்கு முதுகைக் காட்டி, பாசிக் கல்லில் பின்னால் நகர்ந்து நகர்ந்து செல்ஃபி எடுக்காதீர்கள். குரங்குகளைப் பற்றி வேறு சொல்ல வேண்டுமா?

ஜப்பானில் யமாட்டோ என்ற நகரம் 2020-ல் பொது இடத்தில் நடந்துகொண்டே போன் பார்ப்பதைத் தடுத்து விதி போட்டது. அபராதம் வைக்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறோம். யாரையாவது கூப்பிட்டு, அவர் ரோட்டில் இருக்கிறார் என்று தெரிந்தால், "வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்க" என்று நீங்களே வைத்துவிடுங்கள். அவராக வைக்க மாட்டார். மரியாதைக்குப் பேசிக்கொண்டேதான் வருவார். அவசரம் என்றால், "ஓரமா நின்னு பேசுங்க" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பஸ்ஸில் ஸ்பீக்கரைப் போட்டு அடுத்தவர் வீட்டுச் சண்டையை எங்களுக்குக் கேட்க வைக்காதீர்கள் (கேட்கச் சுவாரசியமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம்).

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. வேலை முடிந்து இருட்டில் பஸ் ஸ்டாப்பிலிருந்து தனியாக நடக்கும் பெண்பிள்ளைகள் துணைக்குத்தான் போனில் பேசிக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் வைத்துவிடு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஒரு காதை மட்டும் கொடுங்கள் தாயி, கண் ரோட்டில் இருக்கட்டும். வீட்டில் இருக்கும் அண்ணன், அப்பாமார் போனை வைத்துவிட்டு பஸ் ஸ்டாப் வரை நடந்து போய்க் கூட்டி வந்தால் இன்னும் நல்லது.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் காசி விசுவநாதர் கோபுர வாசலில் கூடுகிறோம். அங்கே அடிக்கும் காற்றுக்குக் குடை மடங்கிவிடும். கெட்டிக் கம்பிக் குடையாகக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தென்காசி – குற்றாலம் மாலை நடைக்காரர்கள்