கெட்டிக்காரன் ஏற்றுமதி செய்கிறானா, ஏற்றுமதி கெட்டிக்காரனாக்குகிறதா?



திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்தும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் பேசினார். "எக்ஸ்போர்ட் எல்லாம் பெரிய ஆளுங்களுக்குங்க ஐயா. நமக்கு உள்ளூர் ஆர்டரே போதும்" என்றார். அன்றிலிருந்து அதே யோசனை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஏற்றுமதி செய்யும் ஆலைகளில் ஆளுக்கு உற்பத்தியும் அதிகம், கூலியும் அதிகம் என்று அமெரிக்காவில் பெர்னார்டு, ஜென்சன் இருவரும் 1990களில் காட்டினார்கள். ஆனால் அந்த ஆலைகள் ஏற்றுமதி தொடங்கும் முன்பே நன்றாக நடந்தவை. சாம்பிள், தரச்சான்று, வெளிநாட்டில் ஆள் பிடிப்பது என்று முதலில் ஆகும் செலவைத் தாங்குபவர்தானே அதில் இறங்க முடியும்?

மீதிப் பாதியை எகிப்தின் ஃபுவா என்ற ஊரில் பார்க்கலாம். அங்கே தறியில் கம்பளம் நெய்யும் சிறு பட்டறைகள் உண்டு. அட்கின், கண்டேல்வால், ஒஸ்மான் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், குலுக்கல் முறையில் சில பட்டறைகளுக்கு மட்டும் வெளிநாட்டு ஆர்டர் கிடைக்க வழிசெய்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. அந்தப் பட்டறைகளின் லாபம் 16 முதல் 26 சதவீதம் கூடியது. மணிக்கு நெய்த அளவு குறைந்தது, தரமோ உயர்ந்தது. பிறகு எல்லாரையும் ஒரே மாதிரி உள்ளூர்க் கம்பளம் நெய்யச் சொன்னார்கள். ஏற்றுமதிக்கு நெய்து பழகியவர்கள் கூடுதல் நேரம் எடுக்காமலே நன்றாக நெய்தார்கள். குலுக்கலில் வந்தவர்கள் என்பதால், முன்பே கெட்டிக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. வாங்குபவர் குறை சொன்னார், இடையில் இருந்த வியாபாரி எங்கே பிழை என்று எடுத்துச் சொன்னார், நெசவாளர் திருத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பேச்சுப் போட்டிக்கு எப்போதும் நன்றாகப் பேசும் பிள்ளைகளையே அனுப்பினேன். மேடை ஏறியிருந்தால் பேசக் கற்றிருக்கக்கூடிய பிள்ளைகள் கடைசி பெஞ்சிலேயே இருந்துவிட்டார்கள். அது என் தவறு.

தொழிலிலும் அதே தவறு வேண்டாம். ஏற்கெனவே ஏற்றுமதி செய்பவருக்குச் சலுகை கொடுப்பது முதல் மாணவனுக்கு மட்டும் பரிசு கொடுப்பது போல. சிறு பட்டறைக்கு வேண்டியது முதல் ஆர்டரும், பிழையைப் பொறுமையாகச் சுட்டிக்காட்ட ஒரு ஆளும்தான். உங்களில் பெரிய கம்பெனி நடத்துபவர்கள் ஜாப் ஒர்க் கொடுக்கும்போது, சரக்கைத் திருப்பி அனுப்பினால் போதாது; ஏன் திருப்பினோம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

தம்பி, நீயும் ஒரு சாம்பிள் அனுப்பிப் பார். திரும்பி வந்தால், என்ன குறை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்