கூடி வாசிக்க, தனித்தனிக் கட்டணம்

அமெரிக்காவின் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வாரந்தோறும் வீட்டுக்கு வரும் அறிவிப்புத் தாள் பெற்றோர்களுக்கு ஏறக்குறைய மனப்பாடம். செப்டம்பரில் பெற்றோர் சந்திப்பு. நவம்பர் 1 அன்று புனிதர் அனைவர் பெருவிழாத் திருப்பலி. டிசம்பரில் கிறிஸ்துமஸ் கச்சேரி. ஜனவரியின் கடைசி ஞாயிறன்று தொடங்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் வாரம். தவக்கால வெள்ளிகளில் பங்கு மண்டபத்தில் மீன் வறுவல் விருந்து. வசந்தத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, மே மாதத்தில் மாதா சொரூபத்துக்கு முடிசூட்டும் பவனி. இவற்றுக்கெல்லாம் கீழே, பெரும்பாலும் தாளின் அடிப்பகுதியில், இன்னொரு செய்தியும் இருக்கும்: நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பிலிருந்து பேண்டு கற்கத் தொடங்கலாம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் தனி.

மற்றவை எல்லாம் பள்ளியின் நிகழ்ச்சிகள், பங்கின் நிகழ்ச்சிகள். பேண்டு மட்டும் பெயர் கொடுத்த வீட்டாரின் சொந்த விவகாரம். இருபது பேர் கூடினால்தான் நடக்கிற ஒரு காரியத்துக்கு இருபது வீடுகளும் தனித்தனியே விலை கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு, அந்தக் காரியத்தையே உள்ளிருந்து அரிக்கிறது என்பது என் கருத்து. பேண்டு நலிவதற்குப் பிள்ளைகளின் ஆர்வக் குறைவைக் காரணம் சொல்வார்கள். நான் கணக்குப் புத்தகத்தைத்தான் சொல்வேன்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கன்னியர் காலத்துக்குப் போக வேண்டும். 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் மூன்றாம் பொதுச் சங்கம், ஒவ்வொரு பங்கும் இரண்டே ஆண்டுகளுக்குள் ஆலயத்தின் அருகே ஒரு பள்ளியை எழுப்ப வேண்டும் என்று ஆணையிட்டது. கட்டடத்துக்கு ஐரிஷ், ஜெர்மானிய, போலந்துக் குடியேறிகள் காசு கொடுத்தார்கள். வகுப்பறையில் நின்றவர்கள் கன்னியர். சம்பளம் என்று சொல்லும்படி அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பல மடங்களில் அடுப்பு எரிந்ததே பியானோ வகுப்பினால்தான்: பள்ளி விட்ட பிறகு ஒரு பிள்ளை, அரைமணி நேரம், கையில் கொஞ்சம் சில்லறை.

1960களின் நடுவில், தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் சேர்த்து, சுமார் 13,000 கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். நாட்டில் ஏறத்தாழ 1,80,000 கன்னியர் இருந்தார்கள். இன்று பள்ளிகள் 6,000க்குக் கீழே, பிள்ளைகள் சுமார் 17 லட்சம், கன்னியர் 40,000க்கும் குறைவு. வகுப்பெடுப்பவர்கள் அனேகமாக எல்லாருமே சம்பளம் வாங்கும் பொதுநிலையினர். கன்னியர் போய்விட்டார்கள். அவர்களுடைய பியானோ வகுப்பின் கட்டண முறை மட்டும் போகாமல் பேண்டு வகுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பியானோவுக்கு அந்த முறை பொருந்தும். ஒரு பிள்ளை கற்காமல் நின்றுவிட்டால் அடுத்த பிள்ளைக்கு நட்டமில்லை. பேண்டின் சங்கதி வேறு. கிளாரினெட், டிரம்பெட், ஆல்ட்டோ சாக்ஸபோன், டிராம்போன், ஃபுளூட், டிரம் எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. முதல் மாதத்தில் கற்றுத்தரும் ஐந்து ஸ்வரங்களிலேயே இதைப் பார்க்கலாம். ஒரே ஒலி எழ வேண்டுமென்றால் ஃபுளூட்டும் டிராம்போனும் பி-ஃபிளாட் வாசிக்க வேண்டும். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் அதே ஒலியை சி என்று எழுதி வாசிக்கும். ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு அது ஜி. தாளில் ஆளுக்கொரு எழுத்து, காதில் ஒரே ஒலி. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது பெரிய ஆச்சரியம். பக்கத்தில் வேறு வாத்தியம் இருந்தால்தான் அந்த ஆச்சரியமே கிடைக்கும்.

ஆனால் யார் எந்த வாத்தியம் எடுப்பது என்பதை முடிவு செய்வது யார்? செப்டம்பரில் ஒரு மாலை, வாத்தியக் கடைக்காரர் பள்ளி மண்டபத்தில் பெட்டிகளைத் திறந்து வைப்பார். பிள்ளைகள் மவுத்பீஸில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பார்கள். பெற்றோர் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்திடுவார்கள். மாதம் 25 முதல் 40 டாலர் வரை, கட்டிக்கொண்டே போனால் ஒருநாள் வாத்தியம் சொந்தமாகும். இந்த மாலைக்கும் ஒரு வம்சாவளி உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ராணுவ பேண்டுகளின் தேவையும் ஊர் சுற்றும் தொழில்முறை பேண்டுகளும் குறைந்தபோது, வாத்தியத் தயாரிப்பாளர்கள் பள்ளிகள் பக்கம் திரும்பினார்கள். 1923இல் சிகாகோவில் நடந்த முதல் தேசியப் பள்ளி பேண்டுப் போட்டிக்குப் பின்னால் இருந்ததும் அவர்கள்தான். ஊர் ஊராகப் போய் பேண்டு வாத்தியம் விற்கும் ஓர் எத்தனைக் கதாநாயகனாக வைத்து, 'தி மியூசிக் மேன்' என்ற இசைநாடகம் 1957இல் பிராட்வேயில் வெற்றி பெற்றதென்றால், பார்த்தவர்களுக்கு அந்த ஆசாமி எவ்வளவு பரிச்சயமானவனாக இருந்திருக்க வேண்டும்! இன்றைய கடைக்காரர்கள் எத்தர்களல்லர். பழுது பார்ப்பதும் அவர்களே, ரீடு உடைந்தால் கொண்டுவந்து தருவதும் அவர்களே. ஆனால் வாடகை வீட்டின் தலையில் விழும்போது தேர்வும் வீட்டின் கையில்தான் இருக்கும். விளைவு, ஐந்து ஃபுளூட், நாலு சாக்ஸபோன், டிரம் வேண்டுமென்று அடம்பிடிக்கும் ஆறு பையன்கள். டிராம்போனுக்கு ஆளிருக்காது. விலை கூடிய ஃபிரெஞ்சு ஹார்னையும் டியூபாவையும் எந்தக் குடும்பமும் தொடாது. அரசுப் பள்ளிகளில் இத்தகைய பெரிய வாத்தியங்களைப் பெரும்பாலும் பள்ளியே வாங்கி வைத்திருக்கும். அதனால் அங்கே ஆசிரியர் ஒரு பையனைக் கூப்பிட்டு, உன் கை நீளம், நீ டிராம்போன் எடு என்று சொல்ல முடிகிறது.

அடுத்தது நாள்காட்டி. சிறு பள்ளிகளில் பேண்டு ஆசிரியர் அந்தப் பள்ளியின் ஆளாக இருப்பது அரிது. வாரத்தில் நாலைந்து பள்ளிகளுக்குக் காரில் போய்வரும் மனிதர். ஒரு பள்ளிக்கு ஒரு நாள். வாத்தியம் வாரியாகச் சிறு குழுக்களை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டு அரைமணி நேரம் கற்றுத்தருவார். அவருடைய நாள் திங்களாக அமைந்துவிட்ட பள்ளியின் கதியைப் பாருங்கள்: செப்டம்பரில் தொழிலாளர் தினம், அக்டோபரில் கொலம்பஸ் தினம், ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் தினம், பிப்ரவரியில் அதிபர்கள் தினம், நான்குமே திங்கட்கிழமை. சரி, வெள்ளி என்றால்? முதல் வெள்ளித் திருப்பலி இருக்கிறது, தவக்காலம் முழுக்கச் சிலுவைப் பாதை இருக்கிறது. நவம்பர் 1, டிசம்பர் 8 ஆகிய கடன் திருநாள்கள் எந்தக் கிழமையிலும் வந்து விழும். கத்தோலிக்கப் பள்ளிகள் வாரத்தில் ஒரு நாளும் வழக்கமான நாளாக இருக்காது. செப்டம்பர் நடுவில் தொடங்கும் வகுப்பு டிசம்பர் கச்சேரிக்குள் பத்துத் தடவை கூடினாலே பெரிது. அந்தப் பத்தில் மூன்று மவுத்பீஸை மட்டும் ஊதுவதிலேயே போகும். மூன்றே ஸ்வரங்களில் அடங்கிவிடும் 'ஹாட் கிராஸ் பன்ஸ்' பாட்டோடு பிள்ளைகள் மேடையேறுவதில் வியப்பில்லை. பெற்றோர் பொறுமையாகக் கைதட்டுகிறார்கள். பாராட்டப்பட வேண்டிய பொறுமை அது.

இதற்கிடையே கணக்கு ஆசிரியை வேறு முகம் சுளிப்பார். ஒவ்வொரு வாரமும் அதே அரைமணி நேரம் நான்கு பிள்ளைகள் எழுந்து போனால் பின்னம் யார் கற்றுத்தருவது? அவரைச் சமாதானப்படுத்த, பேண்டு வாசித்தால் கணக்கு வரும் என்று சொல்வது ஒரு வழக்கம். தயவுசெய்து இந்த வாதத்தை விட்டுவிடலாம். 1993இல் 36 கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் மொஸார்ட்டைக் கேட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் ஒருவகைப் புதிர் நன்றாக வந்தது என்ற முடிவை வைத்துக்கொண்டு, 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு வழங்கப் பணம் கேட்டார். அந்தத் தடத்தில் போனால், கணக்கு மதிப்பெண் ஏறாத ஆண்டில் பேண்டை நிறுத்தவும் நியாயம் கிடைத்துவிடும்.

அரசுப் பணம் உதவாதா என்ற கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் நீண்ட கதை இருக்கிறது. சமயப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்துக்கு, அவர் கற்பிப்பது சமயமல்லாத பாடமாக இருந்தாலும், மாநில அரசு பணம் தரக் கூடாது என்று 1971இல் லெமன் எதிர் கர்ட்ஸ்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் வேறு வழி பார்த்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்களே தனியார் பள்ளிக்குள் வந்து இசை, ஓவியம், உடற்பயிற்சி போன்றவற்றைக் கற்றுத்தருவார்கள். அந்த அறையில் சிலுவை இருக்கக் கூடாது. இது அரசுப் பள்ளி வகுப்பறை என்று வாசலில் பலகை மாட்ட வேண்டும். பலகை மாட்டியும் 1985இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைத் தள்ளுபடி செய்தது. பிறகு 1997இல், வேறொரு வழக்கில், தான் சொன்னது சரியில்லை என்று அதே நீதிமன்றம் பின்வாங்கியது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த தீர்ப்பு 1984இல் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் தந்தது. சார்லட் என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவத் தனியார் பள்ளியில் (அது கத்தோலிக்கப் பள்ளியல்ல) படித்த ஆறாம் வகுப்புச் சிறுமி, தன் பள்ளியில் இல்லாத பேண்டு வகுப்புக்கு மட்டும் அரசுப் பள்ளிக்கு வர அனுமதி கேட்டாள். மாவட்டம் மறுத்தது, நீதிமன்றம் அனுமதித்தது. காரணம்தான் வேடிக்கை. பேண்டு அத்தியாவசியப் பாடமல்ல, விருப்பப் பாடம். ஆகவே அதை ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்துவிடலாம்! பேண்டுக்குக் கிடைத்த மிகப் பெரிய சட்ட வெற்றி, அது தேவையற்றது என்ற அடிப்படையில் கிடைத்தது. பள்ளிகளும் இதே கண்ணால்தான் பேண்டைப் பார்க்கின்றன. அரிசோனா 2022இலும், ஒஹாயோ, அயோவா, ஃபுளோரிடா 2023இலும் எல்லாக் குடும்பங்களுக்கும் தனியார் கல்விக்கான உதவித்தொகையைத் திறந்துவிட்டபின் இது காசு விஷயமாகவும் ஆகிவிட்டது. கல்விக் கட்டணத்துக்குள் அடங்கிய பாடத்துக்குத்தான் அந்தப் பணம் இயல்பாகப் போய்ச் சேரும்.

தலைமை ஆசிரியரின் தரப்பும் லேசானதல்ல. இருநூறு பிள்ளைகள், ஒழுகும் கூரை, பழைய கொதிகலன். அருகிலுள்ள அரசுப் பள்ளியைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆசிரியர்கள். இதில் டியூபா வாங்கச் சொன்னால் அவர் சிரிக்கத்தான் செய்வார். பேண்டில் சேராத பிள்ளையின் பெற்றோரும் எங்கள் பணம் ஏன் என்று கேட்பார்கள். ஆனால் இதே பங்குகள் உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரைக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. 1930இல் சிகாகோவில் ஆயர் பெர்னார்டு ஷீல் கத்தோலிக்க இளைஞர் அமைப்பைத் தொடங்கிய நாளிலிருந்து கூடைப்பந்து பங்கு வாழ்க்கையின் பகுதி. பந்தைத் தொடாத பிள்ளையின் வீட்டாரும் அந்தத் தரைக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் கூடைப்பந்துக்கு ஐந்து பேர் போதும்.

பேண்டு பங்கின் சொத்தாகாமல் போனதற்கு இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். 1903 நவம்பர் 22 அன்று, இசைக்கலைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளில், திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆணை ஆலயத்துக்குள் பியானோவையும் டிரம்மையும் தடுத்தது, பேண்டு வாசிப்பதையும் கண்டிப்பாகத் தடுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கதவை விரித்துவிட்டது. பழக்கம் விரியவில்லை. திருப்பலிக்குப் பாடற்குழுவும் ஆர்கனும் வரும். பேண்டு மண்டபத்திலேயே நின்றுவிடும். ஆனால் அந்தக் கண்டிப்பான ஆணையிலேயே, வெளியே நடக்கும் பவனிகளில் ஆயரின் ஒப்புதலோடு பேண்டு வாசிக்கலாம் என்று இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் தேர் பவனிக்கு முன்னால் பேண்டு வாத்தியம் முழங்கிப் போவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் பள்ளியில் மே மாத மாதா பவனி கையில் இருக்கிறது. எட்டு மாதம் பயின்ற பிள்ளைகள் எளிய மாதா பாடல் ஒன்றை அந்தப் பவனியில் வாசிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு கச்சேரி என்பதைத் தாண்டிப் பங்கின் நாள்காட்டியில் பேண்டுக்கு ஒரு வேலை கிடைத்தால், அதற்குச் செலவு செய்வது பங்குப் பேரவைக்கும் இயல்பாகப்படும்.

செலவைப் பகிர வேறு கைகளும் உண்டு. கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கு பேண்டு ஒரு பொதுமுகம். 1951இல் தொடங்கிய நியூ ஆர்லியன்ஸ் புனித அகுஸ்தினார் உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்வின் ஹாம்ப்டன் வளர்த்த அதன் 'மார்ச்சிங் 100', 1967இல் அந்நகரின் மார்டி கிரா திருவிழாவின் ரெக்ஸ் ஊர்வலத்தில் நடந்த முதல் கறுப்பின பேண்டு. அந்த நகரத்தின் நிறவெறி வரலாற்றை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்று தெரியும். இப்படிப்பட்ட பேண்டுகளுக்குப் பிள்ளைகள் வானத்திலிருந்து வருவதில்லை. தொடக்கப் பள்ளியில் ஊதிப் பழகியவர்கள் வந்தால்தான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்குப் பாதி வேலை மிச்சம். ஆகவே உயர்நிலைப் பள்ளி தன் பேண்டு ஆசிரியரை அண்டைப் பங்குப் பள்ளிகளுக்கு அனுப்புவதும், மறைமாவட்டம் பத்து டிராம்போன், நான்கு ஹார்ன், இரண்டு டியூபா வாங்கிப் பள்ளிகளுக்குச் சுற்றில் விடுவதும் தர்மமல்ல, சொந்த நலன். மூடப்படும் பள்ளிகளின் அலமாரிகளில் கிடக்கும் வாத்தியங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இதில் நேரமும் முக்கியம். பேண்டுக்குப் பெயர் கொடுப்பது செப்டம்பரில். அடுத்த ஆண்டுக் கல்விக் கட்டணமோ பல பள்ளிகளில் அதற்கு முந்திய குளிர்காலத்திலேயே முடிவாகிவிடுகிறது. பேண்டு கட்டணத்தை எல்லாப் பிள்ளைகளின் கட்டணத்துக்குள் பரப்பிவிடுவதா, தவக்கால விருந்துகளின் வருவாயில் ஒரு வெள்ளியின் தொகையை வாத்தியங்களுக்கு ஒதுக்குவதா என்பதை ஜனவரி நிதிக்குழுவில் கேட்காத பெற்றோர், செப்டம்பரில் கடைக்காரரிடம் கையெழுத்துப் போடத்தான் வேண்டியிருக்கும்.